ஆறு வாரம் பட்டணம் படித்தேன்

பூகோள டீச்சருக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் மத்தியானத்துக் கடைசிப் பீரியடுதான் கிடைக்கும். காலை நேரத்தைக் கணக்குக்கும் இங்கிலீஷுக்கும் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் சோறு தின்று கண் சொக்குகிற நேரத்தை நம் பக்கம் தள்ளிவிடுவார்கள். உங்களில் யாராவது பூகோளம் நடத்தியிருந்தால் நான் விளக்க வேண்டியதில்லை. மடிப்பு விட்டுப்போன உலகப் படம், அதைத் தாங்காத ஆணி, படம் விழுந்தால் மட்டும் விழித்துக்கொள்ளும் வகுப்பு. எங்கள் பள்ளிப் படத்தில் மேல் ஓரம் கிழிந்து வட துருவம் போய்ப் பல வருஷமாகியிருந்தது.

திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பதினோரு வருஷம் இப்படி நடத்தினேன். லண்டன், ராட்டர்டாம், சிங்கப்பூர் என்று துறைமுகங்களைச் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம். கடலை நான் பார்த்தது ஒரே ஒரு தடவை, ராமேஸ்வரத்தில், அதுவும் அமாவாசைக் கூட்டத்தில் அத்தனை பேர் தலைக்கு மேலே எட்டிப் பார்த்தது. அப்போதுதான், அறுபதுகளின் தொடக்கத்தில், ஸ்டாப் ரூம் பலகையில் ஒரு சுற்றறிக்கை குத்தினார்கள். உலக வாணிப நகரங்கள் எப்படி வளர்ந்தன என்பது பற்றி லண்டனில் ஒரு கல்லூரி ஆறு வாரம் பாடம் நடத்துகிறது, பள்ளி ஆசிரியர்கள் விண்ணப்பிக்கலாம், போக வரச் செலவு அவர்களுடையது என்று இருந்தது. ஏன் வர விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு, ‘பதினோரு வருஷமாகத் துறைமுகம் நடத்துகிறேன், துறைமுகம் பார்த்ததில்லை’ என்று எழுதினேன். வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. மூன்று மாதம் கழித்து, வரச்சொல்லிக் கடிதம் வந்தது.

விசாரணைக்கு வந்த ஏட்டு

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டதும் விசாரிக்க ஒரு ஏட்டு வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். சைக்கிளை வேப்ப மரத்தில் சாய்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, என் வீட்டுக்காரரைத்தான் முதலில் கேட்டார். வீட்டுக்காரர் ரயில்வேயில் பார்சல் கிளார்க். “எனக்கு என்னங்க தெரியும், போறது அவதான். அவளையே கேளுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே காப்பி போடப் போய்விட்டார். அதுவே ஏட்டுக்குக் கொஞ்சம் விசித்திரமாக இருந்தது.

யார் மேலாவது கேஸ் இருக்கிறதா, கட்சி சம்பந்தம் உண்டா என்று வரிசையாகக் கேட்டு எழுதினார். கடைசியில் என்ன காரியமாகப் போகிறேன் என்ற இடம் வந்தது. வாணிப நகரங்கள் எப்படி வளர்ந்தன என்று படிக்கப் போகிறேன் என்றேன். பென்சிலை வைத்துவிட்டுச் செத்த நேரம் யோசித்தார். காப்பியைக் குடித்து முடித்தார். பிறகு, என் மேல் உள்ள அக்கறையில்தான், சொன்னார்:

“ஊரு வளர்றதப் பாக்கணும்னா ஒட்டன்சத்திரம் போனாப் போதாதா டீச்சர்? அதுக்கு நம்ம ஊருல இருந்தே பஸ்ஸு இருக்கே.”

நாலாவது காரணம்

கோடை லீவு போக எனக்கு இன்னும் ஒரு மாதம் லீவு தேவைப்பட்டது. தலைமை ஆசிரியை கண்டிப்பானவர். முப்பது வருஷ சர்வீசில் ஒரு நாள்கூட மணி அடித்தபின் உள்ளே வந்ததில்லை. பள்ளிக்கூடமே அவருக்கு வீடு. முடியாது என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அவர் என் விண்ணப்பத்தைப் படித்தார். லீவு ரிஜிஸ்தரை எடுத்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். “பாக்கியம், இந்தப் பள்ளிக்கூடத்துல டீச்சருங்க நீண்ட லீவு கேட்டது மூணே காரணத்துக்குத்தான். பிரசவம், அம்மை, வீட்டுல சாவு. அதுக்குத்தான் கட்டம் போட்டிருக்கு” என்றார். நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் மேஜை டிராயரைத் திறந்து அடிக்கோலை எடுத்தார், ரிஜிஸ்தரின் ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை நிதானமாக ஒரு கோடு இழுத்தார், மை காயும் வரை ஊதினார். பிறகு நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்:

“கட்டம் போட்டாச்சு. எனக்குத்தான் அதுல பேரு எழுத வாய்க்கல. நீங்க எழுதுங்க.”

கார்டு கோட்டு

இரண்டு பிள்ளைகளையும் சின்னாளப்பட்டியில் என் அக்கா வீட்டில் விட்டேன். குளிருக்கு ஒரு கோட்டு வேண்டும் என்றார்கள். திண்டுக்கல்லில் கோட்டுத் தைக்கத் தெரிந்தவர் ரயில்வேக்காரர்களுக்குத் தைக்கும் டெய்லர் ஒருவர்தான். அவருக்குத் தெரிந்த மாதிரியும் ஒன்றுதான், ரயில் கார்டு போடுகிற கோட்டு. கறுநீலச் சர்ஜ் துணி, முன்னால் இரண்டு வரிசை பொத்தான், தோளில் பட்டி. பெண்பிள்ளை கோட்டு என்பதால் பித்தளைப் பொத்தான் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். கறுப்புப் பொத்தான் வைத்துக் கொடுத்தார்.

பம்பாயில் கப்பல் ஏறி லண்டன் போய் இறங்கினால், அது அங்கே வெயில் காலம் என்றார்கள். அந்த வெயிலில் எனக்குப் பல் கிட்டியது. சுங்குடிச் சேலைக்கு மேல் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு தினம் காலையில் ரயில் ஏறப் போவேன். இரண்டாம் நாளே ஒரு வயதான அம்மாள் என்னிடம் வந்து கிழக்கே போகும் வண்டி எந்தப் பிளாட்பாரம் என்று கேட்டார். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மறுநாள் ஒருவர் கேட்டார், அதற்கு மறுநாள் இரண்டு பேர். நான் ரயில்வேக்காரி இல்லை என்று விளக்குவதைவிடப் பலகையைப் படித்து வைத்துக்கொள்வது சுலபமாகப் பட்டது. மூன்றாவது வாரம் நான் ஒருவருக்கு வழி சொல்லி அனுப்பியதை என் வகுப்புத் தோழர், பினாங்கிலிருந்து வந்த லிம் என்ற பள்ளி ஆசிரியர், பின்னால் நின்று பார்த்திருக்கிறார். சிரிக்காமல் சொன்னார்:

“நாங்கள் எல்லாரும் இந்த நகரத்தைப் பற்றிப் படிக்கிறோம். உங்களிடம்தான் இந்த நகரம் கேட்டுத் தெரிந்துகொள்கிறது.”

பாறை

பேராசிரியர் உயரமானவர், பேசும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருப்பார். முதல் வாரம் முழுக்க ஆற்று முகம், ஆழமான தண்ணீர், புயல் படாத கரை என்று நடத்தினார். எல்லாம் நான் வகுப்பில் சொன்னவைதான். எனக்கு உள்ளூர ஒரு தெம்பு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அவர் பாடம் நடத்தவில்லை. ஒவ்வொருவரும் எழுந்து, அவரவர் சொந்த ஊர் ஏன் அது இருக்கிற இடத்தில் இருக்கிறது என்று சொல்லச் சொன்னார்.

லிம் பினாங்கைப் பற்றி அரை மணி பேசினார். என் முறை வந்தது. எழுந்து நின்றேன். ராட்டர்டாம் ஏன் அங்கே இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். திண்டுக்கல் ஏன் அங்கே இருக்கிறது? ஆறு இல்லை. கடல் இல்லை. குடிக்கத் தண்ணீரே இல்லை. எங்கள் ஊருக்குப் பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம் என்று கேட்பதற்கு முன்னால் கிணறு எத்தனை தூரம் என்று கேட்பார்கள். பதினோரு வருஷத்தில் ஒரு பிள்ளைகூட என்னை இந்தக் கேள்வி கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. கடைசியில், “ஊரில் ஒரு பெரிய பாறை இருக்கிறது. அதன்மேல் கோட்டை கட்டினார்கள். அதனால் ஊர் வந்தது” என்று சொல்லிவிட்டு உட்காரப் போனேன். அவர் கேலி செய்யவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரியே கேட்டார்:

“பாறை ஊரைக் காவல் காத்திருக்கும். ஊருக்குச் சோறு போட்டது யார்?”

வீட்டுக்காரர் கடிதம்

அன்றைக்கே வீட்டுக்காரருக்கு எழுதினேன். பிள்ளைகளை விசாரித்துவிட்டு, நம் ஊர் ஏன் இங்கே இருக்கிறது, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தேன். அவர் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவர். கடிதம் என்றால் ‘க்ஷேமம், க்ஷேமத்துக்குப் பதில்’ என்று நாலு வரியில் முடிப்பார். இந்தத் தடவை நீலத் தாள் முழுக்க, ஓரம் விடாமல் எழுதியிருந்தார்.

பழனி ரோடு, கரூர் ரோடு, திருச்சி ரோடு, நத்தம் ரோடு, மதுரை ரோடு, வத்தலக்குண்டு ரோடு எல்லாம் வந்து முட்டுகிற இடம் நம் ஊர். மலையிலிருந்து இறங்குகிறவனும் சமவெளியிலிருந்து வருகிறவனும் மாட்டை அவிழ்த்துக் கட்டிய இடத்தில் கடை வந்தது. கடை வந்த இடத்தில் ஊர் வந்தது என்று எழுதியிருந்தார். பார்சல் ஆபீசுக்குள் கண்ணை மூடிக்கொண்டு போனாலும் என்ன மாதம் என்று சொல்லிவிடுவேன் என்றார். மல்லிகைக் கூடை, சிறுமலைப் பழம், புகையிலைச் சிப்பம், பூட்டுப் பெட்டி, பதம் போட்ட தோல். ஒவ்வொன்றும் எந்த ஊருக்குப் போகிறது என்றும் எழுதியிருந்தார். பத்து வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், அவர் ஆபீசில் என்ன செய்கிறார் என்று நான் கேட்டதே இல்லை என்பது அந்தக் கடிதத்தைப் படிக்கும்போதுதான் உறைத்தது. இரவல் வாங்கிய அறிவை என் பெயரில் சொல்ல மனம் வராமல், கடிதத்தையே மொழிபெயர்த்து வகுப்பில் படித்தேன். பேராசிரியர் தன் நோட்டில் எழுதிக்கொண்டது, கடிதத்தின் கடைசி வரியை:

“தண்ணீர் இல்லாததால் வந்தவர்கள் வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு கிளம்பினார்கள், அதனால் அடுத்தவனுக்கு இடம் கிடைத்தது.”

கிட்டங்கியில்

நாலாவது வாரம் எங்களை ஆற்றங்கரைச் சரக்குக் கிட்டங்கிகளுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். தேயிலை, ரப்பர், தந்தம் என்று மாடி மாடியாகப் பார்த்துக்கொண்டே போனோம். ஒரு மாடிப்படியில் பாதி ஏறும்போது எனக்குக் கால் நின்றுவிட்டது. சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கலந்த வாடை. எங்கள் ஊரில் மேற்கேயிருந்து காற்றடித்தால் நாங்கள் ஜன்னலைச் சாத்துவோமே, அந்த வாடை. மேலே போனால், கண்ணாடிக் கூரையின் வெளிச்சத்தில் நீள மேஜைகள் போட்டு, அவற்றின் மேல் பதம் போட்ட ஆட்டுத்தோலைக் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தார்கள். கட்டின் மேல் சாக்கில் ஆங்கிலத்தில் திண்டுக்கல் என்று இருந்தது. ஒரு தோலின் ஓரத்தைப் புரட்டினேன். மூலையில் மையால் ‘கா’ என்று தமிழில் ஒரே ஒரு எழுத்து. யாரோ அவசரமாகப் போட்டது.

அங்கே தோலைத் தரம் பிரிக்கும் கிழவர் ஒருவர் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். இது எங்கள் ஊர் என்று அவரிடம் சொன்னேன். அவர் கையைத் துடைத்துவிட்டு என்னோடு கை குலுக்கினார். ஒரு தோலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எங்கும் ஒரே கனம், கத்தி பட்ட வடு ஒன்றுகூட இல்லை, இப்படிப் பதம் போட இங்கே ஆள் இல்லை என்றார். அவர் பேசிக்கொண்டிருக்க, எனக்குச் சவரியம்மாள் ஞாபகம் வந்துவிட்டது.

சவரியம்மாள் என் நாலாவது பாரத்தில் படித்தவள். அப்பா சூசை, தோல் பதம் போடுகிற தோல் ஷாப்பில் வேலை செய்தார். அவள் பக்கத்தில் உட்காருகிற பிள்ளைகள் தாவணியால் மூக்கைப் பொத்துகிறார்கள் என்று புகார் வந்தபோது, “ஜன்னலோரம் காற்று வரும்மா” என்று சொல்லி அவளைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்தேன். சத்தம் போடவில்லை, திட்டவில்லை. பிரச்சனை தீர்ந்தது என்றே நினைத்தேன். கிறிஸ்துமஸ் லீவுக்குப் பிறகு அவள் வரவில்லை. நான் ஆள் அனுப்பி விசாரிக்கவும் இல்லை. கிழவர் தோலை மேஜையில் வைத்து நீவிவிட்டுக்கொண்டே என்னைக் கேட்டார்:

“முப்பது வருஷமாக அந்த ஊர் ஆட்களின் கைவேலையைத் தொட்டுக்கொண்டிருக்கிறேன், மேடம். அவர்கள் எப்படிப்பட்டவர்கள்?”

அழுகினால் யார் தலையில்

ஊர் திரும்பியதும், லண்டன் போன டீச்சர் என்று கடைவீதி வியாபாரிகள் ஒரு மண்டியில் பெஞ்சு போட்டு என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். அறுபது ஆண்கள், எதிரே நான் ஒருத்தி. நாலு சுவரிலும் வெங்காயச் சருகு வாடை. லண்டன் எப்படிக் ஆற்றங்கரையில் ஒரு சின்னத் துறையாக இருந்து பெரிதானது என்று முக்கால் மணி நேரம் பேசினேன். கை தட்டினார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். நெய்க்காரப்பட்டிக்காரர், காய்கறிக் கமிஷன் வியாபாரி.

“ஏனுங்க டீச்சர், ஒரு சந்தேகமுங்க. அந்த ஊர்ல கப்பல்ல சரக்கு அனுப்பறாங்க. அது வழியில முழுகிப்போச்சு, இல்லாட்டி அழுகிப்போச்சு. அது யாரு தலையில விழும்ங்க?”

பேராசிரியர் இதைச் சொல்லியிருந்தார். பாடத்தில் அது ஒரு அரை மணி நேரப் பகுதி, நான் பேச்சில் விட்டுவிட்டேன். கிட்டத்தட்ட முந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே அங்கே வியாபாரிகள் ஒரு காப்பிக் கடையில் கூடி, ஒரு கப்பலுக்கு வரும் நஷ்டத்தை நூறு பேர் ஆளுக்குக் கொஞ்சம் என்று ஏற்றுக்கொள்வதாகக் கையெழுத்துப் போடுவார்கள் என்றேன். கேட்டவர் உட்காரவில்லை. அவருடைய அண்ணன் போன வருஷம் தக்காளி ஏற்றிய லாரி வெள்ளத்தில் மூன்று நாள் நின்றுபோனதையும், அதற்குப் பிறகு அண்ணன் கடையைத் திறக்கவே இல்லை, யாருடனும் பேசுவதும் இல்லை என்பதையும் மெதுவாகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து:

“நீங்க ஆறு, கடல்னு சொன்னதெல்லாம் சரிங்க. ஆனா அந்த ஊர வளத்தது அந்தக் கையெழுத்துங்க. இங்க அழுகினா ஒருத்தன் தலையிலதான் விழுது. அவன் அதோட எந்திரிக்கிறதில்லீங்க.”

சூசை வீடு

சவரியம்மாள் வீட்டுக்குப் போவதை இரண்டு மாதம் தட்டிக் கழித்தேன். பரீட்சைத் தாள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரிடம் சொன்னேன். “நான் வரட்டுமா?” என்றார். வேண்டாம் என்று தனியாகப் போனேன். எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிஷ நடை. நான் அந்தத் தெருவுக்குள் போனது அதுதான் முதல் தடவை.

சூசை வாசலில் உட்கார்ந்து கையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டு வரை தோல் பழுப்பேறி, நகம் கறுத்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து, உட்கார ஒரு முக்காலி கொண்டுவந்து துடைத்துப் போட்டார். லண்டனில் தோல் கட்டைப் பார்த்ததைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “பூஞ்சை புடிச்சிருந்துச்சா டீச்சர்?” இல்லை என்றேன். அவர் முகம் தெளிந்தது. “மழக் காலத்துல கட்டுனா பயந்துக்கிட்டேதான் கட்டுவோம். ஒரு தோலு ஈரமா இருந்தா கட்டு அம்புட்டும் போச்சு.” அந்த ‘கா’ யாருடைய பெயர் என்று கேட்டேன். காதர், காளியப்பன், காணிக்கை என்று கப்பலில் வரும்போதெல்லாம் நான் மனதுக்குள் பெயர் வைத்துப் பார்த்திருந்தேன். அவர் சிரித்துவிட்டார். “பேரு இல்ல டீச்சர். ‘காஞ்சிருச்சு’ன்னு அர்த்தம். தொட்டுப் பாத்துப் போடுறது.”

கிழவர் கேட்டதையும் சொன்னேன். சூசை கையைத் தேய்ப்பதை நிறுத்தினார். “நாங்க எப்படிப்பட்டவங்கன்னா கேட்டாரு? நீங்க என்ன சொன்னீங்க?” தெரியாது என்று சொன்னேன் என்றேன். கையில் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். பிறகு, “நெசத்தத்தான் சொல்லியிருக்கீங்க” என்றார். அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சவரியம்மாள் உள்ளே சுருட்டுக்கு இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். வெளியே வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் செய்தது தப்பு என்று அவளிடம் சொன்னேன். பெரியவர்களிடம் சொல்வதைவிட அது கஷ்டமாக இருந்தது. ஜூனோடு பிள்ளைகளைச் சேர்ப்பது முடிந்துவிட்டாலும் தலைமை ஆசிரியையிடம் பேசியிருக்கிறேன், நாளைக்கே வரலாம் என்றேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர், “என்னைய என்னத்துக்குப் பாக்குற, உன் இஷ்டம்” என்றார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான்:

“எந்த பெஞ்சுல டீச்சர்?”

இன்ஸ்பெக்ஷன்

நீயே பார்த்து உட்கார் என்றேன். அவள் இரண்டாவது பெஞ்சில் நடுவில் உட்கார்ந்தாள். முதல் வாரம் அவளுக்கு இரண்டு பக்கமும் காலியாகத்தான் இருந்தது. நான் யாரையும் அதட்டவில்லை. அதட்டி உட்கார வைத்தால் அது இன்னொரு தண்டனையாகத்தான் இருக்கும். தினம் வருகைப்பதிவு முடிந்ததும் அவள் பக்கத்தில் நான் போய் உட்கார்ந்துகொண்டு, ஒரு பிள்ளையை எழுப்பிப் பாடத்தை வாசிக்கச் சொன்னேன். இரண்டாவது வாரம் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணின் தாயார் பள்ளிக்கு வந்து சண்டை போட்டார். தலைமை ஆசிரியை அவரை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். என்ன பேசினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு பிள்ளை டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்கூடம் போய்விட்டாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த வருஷக் கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்தார். நேராக என் கடைசிப் பீரியடுக்குள் நுழைந்து, “நம் மாகாணத்திலிருந்து லண்டனுக்குப் போகும் பொருள்கள் என்ன?” என்று கேட்டார். நாலைந்து பேர் புத்தகத்தில் உள்ளபடி சொன்னார்கள். சவரியம்மாள் கை தூக்கினாள். ஆட்டுத்தோல் என்றாள். அதோடு நிறுத்தவில்லை. முடி எடுக்கச் சுண்ணாம்பு, பதத்துக்கு ஆவாரம்பட்டை, நிறத்துக்குக் கடுக்காய், ஒவ்வொன்றிலும் எத்தனை நாள் ஊற வேண்டும், ஈரம் இருந்தால் கப்பலில் என்ன ஆகும் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனாள். வகுப்பு முழுக்க விழித்துக் கேட்டது. இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பி, இது புத்தகத்தில் இல்லையே, நீங்கள் சொல்லிக் கொடுத்ததா என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பதில் சொன்னாள்:

“இல்ல சார், எங்கப்பா சொன்னது. அவரு தோல் ஷாப்புல வேல பாக்குறாரு.”

சவரியம்மாள் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து நர்ஸ் வேலைக்குப் படிக்கப் போனாள், நானும் பிறகு ரிட்டையராகும் வரை அதே கடைசிப் பீரியடில் பூகோளம் நடத்தினேன். உலகத்துப் பெரிய பட்டணங்கள் எப்படி வளர்ந்தன என்று ஆறு வாரம் படித்துச் சர்டிபிகேட் வாங்கிய எனக்கு, எங்கள் ஊரில் பாதித் தெருக்களுக்கு இன்னும் வழி கேட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது.